கொஞ்சம் என்பது எவ்வளவு?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டால் உங்களிற் சிலர் நகைக்கவும் கூடும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வானொலியில் பேச வந்தால் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவார், தேர்வுக்குப் படிக்கும் முறையைப் பற்றிப் பேசுவார் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். நான் பேசப் போவதோ சமையற் குறிப்பைப் பற்றி. நல்ல சமையற் குறிப்பு எது, வீண் சொற்களின் நடுவே அது புதைந்து கிடந்தால் எப்படித் தேடி எடுப்பது, நாமே எழுத நேர்ந்தால் எப்படி எழுதுவது என்பனவே என் பேச்சின் பொருள். சற்றுப் பொறுமையோடு கேட்பீர்களாயின், இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சுத்தான் என்பது உங்களுக்கே விளங்கும்.

முதலில் என் கதையைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். நான் உதகமண்டலத்தின் ஒரு பகுதியாகிய காந்தலில் வாழ்பவன். 33 ஆண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்தேன். அத்தனை ஆண்டுகளிலும் என் வீட்டு அடுக்களைக்குள் நான் நுழைந்தது, தண்ணீர் குடிக்கவும் தேநீர் எப்போது வரும் என்று கேட்கவும் மட்டுமே. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மனைவி காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவினர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். மகள் தன்னோடு வந்துவிடுமாறு வற்புறுத்தினாள். இந்த மலையை விட்டு வர எனக்கு மனமில்லை. மறுநாட் காலையில் அடுப்பின் முன் நான் தனியே நின்றேன்.

அரிசிப் பானைக்கு மேலிருந்த பலகையில் என் மனைவியின் கையெழுத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்தது. எனக்குப் புதையல் கிடைத்தாற்போல் இருந்தது. அதில் மிளகு ரசத்திற்கு அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: புளி கொஞ்சம். மிளகு சீரகம் பொடி. பருப்புத் தண்ணீர் விடவும். உப்புத் தேவையான அளவு. பதமாக இறக்கவும்.

ஐந்தே தொடர்கள். ஒன்றிலும் எழுத்துப் பிழை இல்லை. ஆயினும் அதை வைத்துக்கொண்டு என்னால் ரசம் வைக்க இயலவில்லை. கொஞ்சம் என்பது எவ்வளவு? தேவை என்பது எவ்வளவு உப்பு? பதம் என்பது எந்தப் பதம்? எலுமிச்சம்பழ அளவு புளியைக் கரைத்து நான் அன்று வைத்த ரசத்தை ஒரு வாய்க்கு மேல் என்னால் உண்ண முடியவில்லை.

இதில் என் மனைவியின் பிழை ஒன்றும் இல்லை என்பதைப் பின்னர் உணர்ந்தேன். அவர் அந்தக் குறிப்பை எனக்காக எழுதவில்லை, தமக்காக எழுதிக்கொண்டார். எந்தப் பொருளை விட்டுவிடுவோமோ என்ற ஐயத்தைப் போக்கிக்கொள்வதற்காக எழுதிய நினைவுக் குறிப்பு அது. அளவு அவர் கையில் இருந்தது. பதம் அவர் மூக்கில் இருந்தது. அவற்றை எழுத வேண்டிய தேவை அவருக்கு நேரவில்லை. எழுதியவர் மறைந்தபின் குறிப்பு மட்டும் நின்றது. அளவு அவரோடு போய்விட்டது.

நம் இலக்கண நூலாகிய நன்னூலை நீங்கள் பள்ளியில் அறிந்திருப்பீர்கள். பவணந்தி முனிவர் இயற்றிய அந்நூல், ஒரு நூலுக்கு வரத்தகாத குற்றங்கள் பத்து என்றும், இருக்கவேண்டிய அழகுகள் பத்து என்றும் வகுத்துரைக்கிறது. அக்குற்றங்களுள் ஒன்று குன்றக் கூறல். சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்லிவிடுவது என்பது பொருள். தமக்கெனக் குறித்துக்கொள்பவருக்கு இது குற்றமாகாது. பிறருக்கென எழுதுபவருக்கோ இது பெருங்குற்றம். ஆண்டுதோறும் நன்னூற் சூத்திரத்தை மாணவர்க்கு ஒப்புவிக்கச் சொன்னவன் நான். குன்றக் கூறல் என்றால் என்னவென்று எனக்கு உண்மையில் விளங்கியது, புளித்துப்போன அந்த ரசத்தைக் கீழே கொட்டிய அன்றுதான்.

நோட்டுப் புத்தகம் கைகொடுக்கவில்லை என்றதும் கைப்பேசியை நாடினேன். அண்டை வீட்டில் கல்லூரியில் பயிலும் தம்பி ஒருவன் இருக்கிறான். எதைக் கேட்டாலும் இணையத்தில் கிடைக்கும் ஐயா என்று சொல்லி, தேடும் முறையையும் கற்றுக்கொடுத்தான். மறுநாள் வாணலியில் எண்ணெயை ஊற்றிக் கடுகைப் போட்டுவிட்டு, மிளகு ரசம் வைப்பது எப்படி என்று தேடினேன். ஒரு பக்கம் திறந்தது. முதலில் எழுதியவருடைய இளமைக் காலத்து மழை நாள் ஒன்றின் வருணனை. அடுத்து அவருடைய பாட்டியின் பெருமை. அதன்பின் மிளகு உடம்புக்குச் செய்யும் நன்மைகள். நடுவே ஒரு வீட்டுமனை விளம்பரம். பிறகு ரசத்தின் வரலாறு. பிறகு ஒரு சலவைத்தூள் விளம்பரம். நான் விரலால் தள்ளிக்கொண்டே போனேன். புளி எவ்வளவு என்பது மட்டும் வரவே இல்லை. கருகிய நாற்றம் வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். வாணலியில் கடுகு கரித்துகளாய்க் கிடந்தது.

இக்குற்றத்திற்கும் நன்னூலில் பெயர் உண்டு. மிகைபடக் கூறல் என்பது ஒன்று. மற்றொன்று விரித்தல் என்பது இன்னொன்று. சொல்ல எடுத்துக்கொண்டதை விட்டு வேறொன்றை விரித்துக்கொண்டு போவதே மற்றொன்று விரித்தல். ரசம் கேட்டவனுக்கு மழையைச் சொல்வது அதுவன்றி வேறென்ன?

எனினும் நாம் நியாயமாகவும் பேச வேண்டும். இவ்வாறு எழுதுவோர் அறியாமையால் எழுதவில்லை. இணையத்திற் குறிப்புக்கு நாம் காசு கொடுப்பதில்லை. எழுதியவருக்கு வருவாய் பெரும்பாலும் விளம்பரங்களிலிருந்து வருகிறது. பக்கம் நீண்டால் விளம்பரத்திற்கு இடம் கூடுகிறது. படிப்பவர் கண் அதிக நேரம் அங்கே தங்குவதும் அவர்களுக்கு நன்மையே. வேறொரு காரணமும் உண்டு. பொருள்களின் வெறும் பட்டியலுக்குப் பதிப்புரிமை இல்லை என்பது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் நிலை. ஆகவே தமக்கே உரியதென்று சொல்லிக்கொள்ளத்தக்க எழுத்தைச் சிலர் பட்டியலைச் சுற்றிலும் எழுதிச் சேர்க்கின்றனர். உழைத்தவர் கூலி பெற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் காசு கொடாமற் பெறும் குறிப்புக்கு நாம் நம்முடைய காலத்தை விலையாகக் கொடுக்கிறோம் என்பதை அறிந்துகொண்டே கொடுக்க வேண்டும். அடுப்பு எரியும்போது அந்த விலையைக் கொடுக்கலாகாது.

ஆக, என் மனைவியின் குறிப்பிலோ சொல் போதவில்லை; கைப்பேசியின் குறிப்பிலோ சொல்லுக்குப் பஞ்சமில்லை. இரண்டிலும் எனக்கு வேண்டிய சொல் மட்டும் கிடைக்கவில்லை. அப்படியாயின் சரியான குறிப்பு என்பது எப்படி இருக்கும்? அதைத் தேடித் தொலைவு போகவேண்டியதில்லை. தமிழிலேயே அதற்கு நல்ல சான்று இருக்கிறது. என் வீட்டிலேயே இருந்தது.

பழைய டிரங்குப் பெட்டி ஒன்றைத் துப்புரவு செய்தபோது, என் மாமியார் தம் மகளுக்குத் திருமணத்தின்போது கொடுத்தனுப்பிய புத்தகம் ஒன்று அதன் அடியிற் கிடந்தது. சமைத்துப் பார் என்பது அதன் பெயர். எஸ். மீனாட்சி அம்மாள் எழுதியது. உங்கள் பாட்டிமார் பலர் இப்பெயரைக் கேட்டவுடன் அடையாளம் கண்டுகொள்வர்.

மீனாட்சி அம்மாள் 1905-ஆம் ஆண்டிற் பிறந்தவர், 1962-இல் மறைந்தவர். இளமையிலேயே கணவரை இழந்து குடும்பப் பொறுப்பைச் சுமந்தவர். அவருடைய சமையலின் திறம் அறிந்த உறவினர், இதை எப்படிச் செய்வது, அதை எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதிக்கொண்டிருப்பதைவிட ஒரு நூலாகவே எழுதிவிடலாமே என்று அவருடைய மாமா கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் ஊக்குவித்தார். அவ்வாறு பிறந்த சமைத்துப் பார் நூலின் முதற்பாகம் 1951-இல் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து மேலும் இரண்டு பாகங்களை அவர் எழுதினார். மணமாகிப் புகுந்த வீடு செல்லும் பெண்ணுக்கும், கடல் கடந்து வேலைக்குச் செல்லும் இளைஞனுக்கும் அந்நூலைக் கொடுத்தனுப்புவது பல குடும்பங்களில் வழக்கமாயிற்று.

அந்நூல் இத்துணை நாள் நின்றதற்குக் காரணம் யாது? அதிலுள்ள பண்டங்கள் பலவும் அந்நாளில் பல வீடுகளில் அறிந்தவையே. எழுதிய முறையே புதிது. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கத் தாயோ மாமியாரோ இல்லாத ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் எழுதினார். எந்தப் பொருள், எவ்வளவு என்பதை முன்னே வரிசையாக நிறுத்தினார். செய்யும் முறையைப் பின்னே வைத்தார். தம் கதையைப் பேசவில்லை. தம் பெருமையையும் பேசவில்லை. அதே வேளையில், புதிதாய்ச் சமைப்பவர் எங்கே தடுமாறுவாரோ அங்கே ஒரு சொல்லைக் கூடச் சொல்லவும் தயங்கவில்லை. தலைப்பையே பாருங்கள். சமைத்துப் பார் என்றார். செய்தாலன்றித் தெரியாது என்பதும், செய்தால் உனக்கும் வரும் என்பதும் அந்த இரண்டு சொற்களில் அடங்கியிருக்கின்றன.

அந்நூலின் பழைய பதிப்பிலுள்ள அளவைகள் இன்று உங்களுக்குப் புதிதாகத் தோன்றும். ஆழாக்கு, பலம் என்றெல்லாம் வரும். படியில் எட்டில் ஒரு பங்கு ஆழாக்கு. ஒரு பலம் என்பது ஏறத்தாழ 35 கிராம். இந்திய அரசு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் அளவைகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முற்பட்ட நூலாதலின் பழைய அளவைகள் வந்தன. ஆனால் கவனியுங்கள். ஆழாக்கை மில்லிலிட்டராக மாற்றலாம்; பலத்தைக் கிராமாக மாற்றலாம். கொஞ்சம் என்பதை எந்த வாய்பாட்டைக் கொண்டு மாற்றுவது? அளவு எழுதிய குறிப்பு, அளவை மாறிய பின்னும் பிழைத்திருக்கும். அளவு எழுதாத குறிப்பு எழுதியவரோடு முடிந்துவிடும்.

சமையலுக்கு நூல் வேண்டும் என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதிதும் அன்று. சங்க காலத்துப் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையில், ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் தன்னை நாடி வந்த பாணரை உண்பிக்கும் செய்தி வருகிறது. வீமன் இயற்றியதாகச் சொல்லப்படும் மடைநூலின் நெறி பிறழாமல் ஆக்கிய பல்வகை உணவை அவன் அளித்தான் என்று புலவர் நத்தத்தனார் பாடுகிறார். கைப்பழக்கம் ஒருபுறமிருக்க, நூல் காட்டிய நெறியும் உணவுக்குச் சிறப்பாகக் கருதப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

மேலை நாடுகளிலும் இக்கலை மெல்ல மெல்லத்தான் செம்மையுற்றது. இங்கிலாந்தில் எலைசா ஆக்டன் என்னும் அம்மையார் 1845-இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு குறிப்புக்கும் தேவையான பொருள்களையும் அவற்றின் அளவுகளையும் சமைக்கும் நேரத்தையும் தனியே எடுத்து எழுதினார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துச் சமையற் பள்ளியைச் சேர்ந்த ஃபேனி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட நூலில், கரண்டியிற் குவித்து அள்ளாமல் தலைதட்டி அளக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். இன்று உங்களுக்கு இவையெல்லாம் மிக எளியவையாகத் தோன்றலாம். ஆனால் ஒருவர் கைப்பழக்கத்தை, அவரைப் பார்த்தே அறியாத இன்னொருவர் கைக்கு மாற்றுவதற்கு வழி கண்டவர்கள் இவர்களே.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பாடக்குறிப்பு எழுதக் கற்றவர்களுக்கு இம்முறை நன்கு தெரிந்ததே. பாடத்தின் நோக்கம் யாது, துணைக்கருவிகள் யாவை என்று முதலில் எழுதுவோம். பிறகு படிப்படியாகப் பாடம் நடத்தும் முறையை எழுதுவோம். இறுதியில், மாணவன் புரிந்துகொண்டான் என்பதை எதனால் அறிவோம் என்று எழுதுவோம். சமையற் குறிப்பும் அவ்வாறே. எதைச் செய்யப் போகிறோம், எவை வேண்டும், எந்த வரிசையிற் செய்ய வேண்டும், செய்து முடிந்ததை எதனால் அறிவது என்னும் நான்கு வினாக்களுக்கும் அது விடை கூற வேண்டும்.

இந்த நான்காவது வினாவே எல்லாவற்றிலும் முதன்மையானது. அதை எனக்குக் கற்பித்தது காந்தலின் குளிர்.

அளவுள்ள நல்ல குறிப்பு கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் துவரம்பருப்பை வேகவைத்தேன். குக்கரின் சீழ்க்கை ஒலிக்கு அஞ்சி, சாதாரணப் பாத்திரத்தில்தான் வைத்தேன். சமவெளியில் வாழும் என் தங்கை தொலைபேசியில் சொன்ன நேரம் கடந்தது. பருப்பு வேகவில்லை. மேலும் அரை மணி கடந்தது. அப்போதும் விரலுக்கு நறுக்கென்றே இருந்தது. பருப்பு பழையது போலும் என்று கடைக்காரர் மேல் ஐயுற்றேன். பிறகுதான் எனக்கு நாணம் உண்டாயிற்று. ஏனெனில், அதன் காரணத்தை ஆண்டுதோறும் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நானே.

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. காற்றழுத்தம் குறைந்தால் நீரின் கொதிநிலையும் குறைகிறது. சென்னையில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், இங்கே 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் வெப்பம் அதற்கு மேல் ஏறாது. நீர்தான் விரைந்து ஆவியாகும். ஆகவே பருப்பு வேகக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. குக்கரோ ஆவியை உள்ளே அடக்கி அழுத்தத்தைக் கூட்டுகிறது. அதனால் நீரின் கொதிநிலை 100 டிகிரியைத் தாண்டி உயர்கிறது. பருப்பு விரைந்து வேகிறது. இம்மலையில் வாழ்வோர்க்குக் குக்கர் ஏன் இவ்வளவு வேண்டியதாயிற்று என்பது இப்போது விளங்குகிறதன்றோ?

இட்லி மாவின் கதையும் இதுவே. இரவு அரைத்து வைத்தால் காலையிற் பொங்கியிருக்கும் என்று சமவெளியில் எழுதிய குறிப்பு சொல்லும். மார்கழியிலும் தையிலும் காந்தலின் புல்வெளிகளில் உறைபனி படியும் நாள்கள் உண்டு. அந்நாள்களில் மாவு அவ்வளவு எளிதிற் பொங்குவதில்லை. மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் குளிரில் மெல்லவே வளர்கின்றன. பாத்திரத்தைக் கம்பளியாற் சுற்றி அடுப்பின் அருகே வைத்து, பொழுது விடிந்த பின்னும் காத்திருக்க வேண்டியதாகிறது.

ஆதலின், நிமிடத்தை மட்டும் எழுதிய குறிப்பு ஓர் ஊருக்கு மட்டுமே உரியது. அடையாளத்தையும் எழுதிய குறிப்பு எல்லா ஊருக்கும் பொது. பருப்பை இருபது நிமிடம் வேகவை என்றால் அது காந்தலுக்குப் பொருந்தாது. விரலால் நசுக்கினால் மசியும் வரை வேகவை என்றால் சென்னைக்கும் பொருந்தும், காந்தலுக்கும் பொருந்தும். மாவு இருமடங்காகப் பொங்கும் வரை, புளியின் பச்சை வாசனை போகும் வரை, எண்ணெய் பிரிந்து வரும் வரை என்றெல்லாம் வரும் தொடர்களைப் பாருங்கள். இவை நீண்ட தொடர்களே. ஆனால் வீண் தொடர்கள் அல்ல. சுருக்க வேண்டும் என்ற ஆசையில் இவற்றை வெட்டிவிட்டால் மீண்டும் குன்றக் கூறலில் வந்து விழுவோம். நன்னூல் கூறும் அழகுகளில் சுருங்கச் சொல்லல் ஒன்று. விளங்க வைத்தல் மற்றொன்று. ஒன்று மற்றொன்றைக் கெடுக்காமல் காப்பதே எழுதுபவர் கடமை. ஒரு சொல் வேண்டுமா, வேண்டாமா என்ற ஐயம் எழுந்தால், அச்சொல்லை நீக்கிவிட்டு அடுப்பின் முன் நிற்பவனை எண்ணிப் பாருங்கள். அவன் கை தடுமாறுமாயின் அச்சொல் இருக்கட்டும். தடுமாறாதாயின் போகட்டும்.

விடுதியிலும் வாடகை அறையிலும் தங்கிப் படிக்கும் உங்களுக்கு இணையமே கைக்கெட்டிய புத்தகம். அதிலும் நல்ல குறிப்புகள் இல்லாமல் இல்லை. அவற்றைத் தெரிந்தெடுக்க, என் அனுபவத்திற் கண்ட சில வழிகளைச் சொல்கிறேன். முதலாவது, பண்டத்தின் பெயரை மட்டும் தேடாமல், அளவு, எத்தனை பேருக்கு என்பவற்றையும் சேர்த்துத் தேடுங்கள். இரண்டாவது, பக்கம் திறந்தவுடன் படிக்கத் தொடங்காமல், நேரே செய்முறைக்குச் செல்லும் பொத்தானோ, அச்சிடுவதற்கான வடிவமோ இருக்கிறதா என்று பாருங்கள். பல பக்கங்களில் அவை உண்டு. அங்கே கதை நீங்கிக் குறிப்பு மட்டும் நிற்கும். மூன்றாவது, பட்டியலிலுள்ள பொருள்கள் எல்லாம் செய்முறையில் வருகின்றனவா, செய்முறையில் வருபவை எல்லாம் பட்டியலில் இருக்கின்றனவா என்று ஒத்துப் பாருங்கள். ஒத்து வராவிட்டால், எழுதியவர் தாமே அதைச் செய்து பார்த்தாரா என்று ஐயுற இடமுண்டு. நான்காவது, ஒரு கப் என்றால் அது எத்தனை மில்லிலிட்டர் என்று சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாவது, நேரத்தோடு அடையாளமும் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். இவ்வைந்திலும் தேறிய குறிப்பை ஒரு தாளில் உங்கள் கையால் எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் அடுப்பைப் பற்றவையுங்கள். பாட்டியின் கதையும் மழைநாள் நினைவும் படிக்கத்தக்கவையே. அவற்றை உண்டு முடித்த பின் படியுங்கள்.

இவ்வளவு பேசிவிட்டு ஒரு குறிப்பையேனும் சொல்லாமற் போனால் நானும் மற்றொன்று விரித்தவன் ஆவேன். ஆகவே மிளகு ரசத்தின் குறிப்பைச் சொல்கிறேன். எழுதிக்கொள்வோர் எழுதிக்கொள்ளலாம்.

நால்வருக்கு வேண்டியவை: துவரம்பருப்பு 50 கிராம். புளி 20 கிராம். மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி. சீரகம் ஒரு தேக்கரண்டி. பூண்டு 4 பல். மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி. உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, தலைதட்டி அளந்தது. பெருங்காயம் ஒரு மிளகளவு. தாளிக்க நெய் ஒரு தேக்கரண்டி, கடுகு அரைத் தேக்கரண்டி, மிளகாய் வற்றல் ஒன்று, கறிவேப்பிலை ஓர் இணுக்கு. தம்ளர் என்று நான் சொல்வது 200 மில்லிலிட்டர் கொண்டது.

செய்முறை: பருப்பை ஒரு தம்ளர் நீர் விட்டுக் குக்கரில் மசிய வேகவைத்து, கடைந்து, மேலும் இரண்டு தம்ளர் நீர் சேர்த்து வைக்கவும். புளியை ஒன்றரைத் தம்ளர் வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டவும். மிளகு, சீரகம், பூண்டு மூன்றையும் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளவும். புளிநீரில் உப்பு, மஞ்சள்தூள், பெருங்காயம் சேர்த்துப் பச்சை வாசனை போகும் வரை கொதிக்கவைக்கவும். தட்டிய பொருள்களையும் பருப்பு நீரையும் அதில் சேர்க்கவும். இனிக் கொதிக்க விடலாகாது. ஓரங்களில் நுரை கூடி, நடுவிலும் படர்ந்து மேலே எழும்போது இறக்கவும். நெய்யிற் கடுகு வெடித்ததும் மிளகாயையும் கறிவேப்பிலையையும் போட்டு, ரசத்தில் கொட்டவும்.

அவ்வளவே. பதமாக இறக்கவும் என்று என் மனைவி எழுதிவிட்டுச் சென்றாரே, அந்தப் பதம் நுரை எழும் பதம் என்று நான் கண்டுகொள்ள ஏழு வாரங்கள் ஆயின. அவர் கைப்பக்குவம் முழுமையும் எனக்கு வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்த என் மகள், முதல் வாய் உண்டதும் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, அப்பா, இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள் என்றாள். அந்தக் கொஞ்சத்தை மட்டும் நான் அளக்கவில்லை.

மாணவ நண்பர்களே, என் மனைவி உயிரோடிருந்த காலத்தில், அடுக்களைக்குள் ஒருநாள் சென்று, அந்தப் புளியை இந்தத் தராசில் வைத்துவிட்டுப் பிறகு போடு என்று நான் கேட்டிருந்தால் போதும். ஏழு வாரத்து வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். எனக்கு அந்த எண்ணம் வரவில்லை. உங்களுக்கு வரவேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆசிரியனாதலின் வீட்டுப் பாடம் கொடாமல் என்னால் முடிக்க இயலாது. வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தையும் ஒரு சிறு தராசையும் ஒரு தம்ளரையும் எடுத்துக்கொண்டு உங்கள் தாயாரோடோ பாட்டியாரோடோ, வீட்டிற் சமைப்பவர் தந்தையாராயின் அவரோடோ, அடுக்களையில் நில்லுங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரே ஒரு பண்டத்தைச் செய்யச் சொல்லுங்கள். அவர் கையால் அள்ளும் ஒவ்வொரு பொருளையும் பாத்திரத்திற் போடுமுன் வாங்கி நிறுத்துக்கொள்ளுங்கள். எப்போது இறக்குவீர்கள் என்று கேளுங்கள். அது தானாய்த் தெரியும் என்று சொல்வார். விடாதீர்கள். எதைப் பார்த்துத் தெரிகிறது, எந்த வாசனையால் தெரிகிறது என்று மீண்டும் கேளுங்கள். கேட்டதை எழுதி, மறு வாரம் அவருடைய உதவியின்றி நீங்களே செய்து பாருங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறீர்களோ அந்த இடத்தில் ஒரு சொல் குறைந்திருக்கிறது என்று பொருள். அதைச் சேர்த்து எழுதுங்கள்.